பதினொன்றின் தாங்கி

இதய ஆராய்ச்சி நிலையத்தின் வரவேற்பு மேசையில் யாரும் யாரையும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதில்லை. "அவர் எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்பார்கள். புதிதாக வருகிறவர்கள் யாரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று புரியாமல் திருதிருவென்று முழிப்பார்கள். சிலர் கூட வந்த மாமாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீச்சல் வாத்தியார் அப்படி முழித்ததெல்லாம் பழைய கதை. ஆறு வருஷமாக மாதம் தவறாமல் வந்துபோகிறவர் அவர். "அவர்" என்பது தன் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பம்பு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அவர் நல்லா இருக்கார். எனக்குத்தான் ரெண்டு நாளா தலைவலி," என்றார் வாத்தியார்.

மேசைப் பெண் கவலையோடு நிமிர்ந்தாள். "அவருக்குத் தலைவலி ஒண்ணும் இல்லையே?"

"அவருக்குத் தலையே இல்லைம்மா."

"அப்ப சரி. உட்காருங்க."

நன்றி கெட்டவர் என்று வாத்தியாரை யாரும் நினைத்துவிடக் கூடாது. ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் பாதி ஊருக்குக் கையையும் காலையும் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர், ஒருநாள் அதே குளத்தின் கரையில் மூச்சு முட்டி விழுந்தார். இதயம் தொளதொளத்துப் போய்விட்டது, இனி ரத்தத்தைத் தள்ளும் தெம்பு அதற்கு இல்லை என்று எல்லோரும் கையை விரித்தார்கள். நிலையம் மட்டும்தான் விரிக்கவில்லை. நெஞ்சைத் திறந்து, இதயத்தோடு சேர்த்து ஒரு பம்பைத் தைத்து, எழுப்பி உட்காரவைத்துவிட்டது. அந்தப் பம்பு இல்லாவிட்டால் ஆறு வருஷத்துக்கு முன்பே அவருக்கு இரங்கல் கூட்டம் முடிந்திருக்கும். வாத்தியார் இதை ஒருநாளும் மறுத்ததில்லை. நிலையத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருவதற்கு அதுதான் காரணம். உயிரைக் கொடுத்தவர்களிடம் முகத்தை எப்படிச் சுளிப்பது?

பம்பின் எண் பதினொன்று. நிலையம் வைத்த பம்புகளில் அது பதினோராவது. அதைச் சுமக்கிறவருக்கு நிலையத்தின் பாஷையில் 'தாங்கி' என்று பெயர். வயிற்றின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியாக வெளியே வரும் ஒரு கேபிள், அது போய்ச் சேரும் இடுப்புப் பெட்டி, இரண்டு தோளிலும் தொங்கும் பேட்டரிகள் என்று தாங்கிக்குத் தாங்குவதற்கு நிறையவே இருந்தது. அதையெல்லாம் வாத்தியார் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். கேபிள் வெளியே வரும் இடத்தில் தண்ணீர் படவே கூடாது. குளிப்பது கூட ஈரத் துண்டால் துடைப்பதோடு சரி. பிறகு அவர் எங்கே குளத்தில் இறங்குவது? இப்போதும் அதே குளத்தில்தான் வேலை. ஆனால் கரையில், ஷூ போட்டுக்கொண்டு, விசிலோடு. யாராவது தண்ணீரை வேகமாக அடித்தால், பாம்பைக் கண்டவர் மாதிரி இரண்டடி பின்னால் குதிப்பார். வாழ்நாளெல்லாம் தண்ணீருக்குள் கிடந்த மனுஷன். அந்த ஏக்கத்தை மனைவியிடம் சொல்லக்கூட வெட்கப்பட்டார். அவர் வாயால் சொல்லித்தான் அவள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. சலவைக் கடை வைத்திருக்கிறவள். இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே ஒருவர் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள்.

நிலையத்தில் ஒவ்வொரு மாதமும் நடக்கும் சடங்கு ஒன்று உண்டு. இதயம் துடித்துத் துடித்துத் தள்ளும், அதனால் மணிக்கட்டில் நாடி தெரியும். பம்பு மின்விசிறி மாதிரி ஒரே சீராகச் சுற்றித் தள்ளும், அதனால் நாடி தெரியாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் நர்ஸ் வந்து "கையைக் கொடுங்க" என்பாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே உற்றுப் பார்ப்பாள். பிறகு அறைக்கே கேட்கிற மாதிரி "நாடி இல்லை" என்று அறிவிப்பாள். பின்னால் நிற்கும் ஒருங்கிணைப்பாளர் "நல்லது" என்பார். முதல் தடவை இதைக் கேட்டபோது வாத்தியார் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தார். பிறகு பழகிவிட்டது. பஸ் புறப்பட விசில் அடிக்கிற மாதிரி, "நல்லது" என்றதும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொள்வார்.

வெளியே போகும் வழியில், பெரிய கூடத்தின் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் ஒரு பம்பு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கீழே பித்தளைத் தகட்டில் 'நான்கு' என்று பொறித்திருக்கும். அதைக் கடக்கிறபோது ஊழியர்கள் நடையைத் தளர்த்துவார்கள், குரலைத் தாழ்த்துவார்கள்.

ஒருதடவை வாத்தியார் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டார். "இவர் எப்பவும் இங்கேதான் ஓடிட்டிருந்தாரா?"

"இல்லை இல்லை. முதல் ஏழு வருஷம் ஒருத்தருக்குள்ள ஓடினார். அதுதான் இன்னிக்கு வரைக்கும் சாதனை. அப்புறம் இங்கே வந்துட்டார்."

"அந்த ஒருத்தர்?"

ஒருங்கிணைப்பாளர் தொட்டியின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். "அவரால நாலுக்கு ஈடு கொடுக்க முடியலை."

*

விஷயம் தொடங்கியது குளக்கரையில். ஓய்வுபெற்றவர்களுக்கான காலை வகுப்பில், நீந்தி முடித்ததும் நாடியை எண்ணச் சொல்வது வாத்தியாரின் பழக்கம். "இப்படிப் பிடிக்கணும்" என்று தன் மணிக்கட்டிலேயே காட்டுவார். தனக்கு நாடி இல்லை என்பதை வேடிக்கையாகச் சொல்லி, எல்லோரையும் தொட்டுப் பார்க்கவும் விடுவார். அன்றைக்குத் தொட்டவர் ஒரு பழைய தபால்காரர்.

"மாஸ்டர், சும்மா ஏமாத்தாதீங்க," என்றார் அவர். "எனக்கு இருக்கிறதை விட நல்லா இருக்கு உங்களுக்கு."

வாத்தியார் சிரித்துக்கொண்டே தன் விரல்களை வைத்தார். விரல் நுனியில் ஒன்று மெதுவாக வந்து இடித்தது. போனது. மறுபடி இடித்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு சலவைக் கடைக்கு ஓடாத குறையாக நடந்தார்.

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் நெஞ்சில் காதை வைத்தாள். ஆறு வருஷமாக அந்த நெஞ்சில் அவள் கேட்டது 'ங்ங்ங்' என்ற முனகல் ஒன்றுதான். முனகல் இப்போதும் இருந்தது. அதற்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது.

"உள்ள யாரோ நடக்கிற மாதிரி இருக்குங்க," என்றாள். பிறகு தலையை எடுக்காமலே அழுதாள். யாருடைய சட்டையோ ஒன்று மேசையில் சுருக்கத்தோடு கிடந்தது.

அடுத்த மாதச் சடங்கில் நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கையை மாற்றிப் பிடித்தாள். இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாள். அவள் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் ஆளுக்கொரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார்கள்.

"நாடி இருக்கு சார்," என்றாள் முதல் நர்ஸ், ஏதோ தன் கை பட்டு உடைந்துவிட்டது போன்ற குரலில்.

ஒருங்கிணைப்பாளரின் முகம் கறுத்தது. "இது எத்தனை நாளா இருக்கு?"

"போன வாரம்தான் பார்த்தேன்," என்றார் வாத்தியார்.

"உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

பக்கத்தில் நின்ற மனைவி சொன்னாள். "எல்லாருக்கும் இருக்குங்க. அக்கம்பக்கத்துலயும் இருக்கு."

ஒருங்கிணைப்பாளர் அதையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், பரவுகிற விஷயம் போலிருக்கிறது என்ற பாவனையில்.

நிலையத்தில் சின்ன டாக்டர் என்று ஒரு பெண் இருந்தாள். வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதனால்தானோ என்னவோ அவள் மட்டும் வரும்போதே "நீங்க எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிடுவாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவள் வாத்தியாரைப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள். இருட்டில் ஏதோ ஒன்று பிடித்தது, விட்டது, பிடித்தது.

"பாருங்க, எவ்வளவு அழகா சுருங்குது. பம்பு இத்தனை வருஷம் வேலையை வாங்கிக்கிட்டதால உங்க இதயம் நல்லா ஓய்வெடுத்துத் தேறிடுச்சு. எல்லாருக்கும் இது நடக்காது. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் நடக்கும். உங்களுக்கு இனிமே பம்பே வேண்டாம்."

"வேண்டாம்னா, நிறுத்திடலாமா?"

"நீங்களா நிறுத்தவே கூடாது. நின்ன பம்புக்குள்ள ரத்தம் உறைஞ்சிடும், அது ஆபத்து. ஆபரேஷன் பண்ணி முறையா எடுக்கணும். எடுத்துட்டா ரெண்டு மாசத்துல நீங்க தண்ணியில இறங்கலாம்."

வீட்டுக்குப் போனதும் வாத்தியார் அலமாரியின் அடியிலிருந்து பழைய நீச்சல் அரைக்கால்சட்டையை எடுத்தார். எலாஸ்டிக் நைந்து போயிருந்தது. மனைவி பேசாமல் அதை வாங்கிக்கொண்டு போய்ப் புது எலாஸ்டிக் கோத்து, தேவையே இல்லாமல் இஸ்திரியும் போட்டுக் கொண்டுவந்தாள்.

*

பம்பை எடுப்பது பற்றி முடிவு செய்ய உயர்குழு கூடியது. நீள மேசை. தலைமை நாற்காலியில் பம்பின் பெரிய மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கு வலப்பக்கம் இயக்குநர், இடப்பக்கம் நெறிமுறைத் தலைவர், எதிரே புள்ளிவிவரக்காரர். வாத்தியாருக்கும் மனைவிக்கும் கதவோரம் இரண்டு ஸ்டூல். சின்ன டாக்டர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் விளக்கினாள். இதயம் தேறிவிட்டது, பம்பை எடுத்துவிடலாம், எடுத்தால் இவர் மற்றவர்களைப் போல வாழலாம் என்றாள். அவள் முகமெல்லாம் சந்தோஷம். அந்த அறையில் அது அவள் முகத்தில் மட்டும்தான் இருந்தது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தியே பேசத் தெரியாது.

"நாம ஆராய்ச்சியைத் தொடங்கினப்ப ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். ஒரு பம்பு ஒரு மனுஷனுக்குள்ள எவ்வளவு காலம் ஓடும்? இதுக்கு ரெண்டே பதில்தான் இருக்க முடியும். ஒண்ணு, பம்பு நிக்கும். இல்லேன்னா மனுஷன் நிப்பார். உலகம் பூரா ஒத்துக்கிட்ட கேள்வி இது. இப்ப திடீர்னு ஒருத்தர் வந்து எனக்குக் குணமாயிடுச்சுங்கிறார். இது நம்ம கேள்விக்குப் பதிலே இல்லையே."

"குணமானவங்கன்னு ஒரு வகை நம்மகிட்ட கிடையாது," என்றார் புள்ளிவிவரக்காரர். "ஓடுற பம்பை எடுத்தா, பம்பு நின்னுபோனதாத்தான் ஆகும். அது பதினொண்ணு மேல அபாண்டம். வேணும்னா இவர் இறந்துட்டதா வெச்சுக்கலாம். அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை."

"எனக்கு இருக்கு," என்றாள் மனைவி ஸ்டூலிலிருந்து.

நெறிமுறைத் தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்த மாதிரியின் பக்கம் திரும்பினார். "அம்மா, கொஞ்சம் அவர் பக்கத்திலிருந்து யோசிச்சுப் பாருங்க. ஆறு வருஷம். ஒரு நிமிஷம் ஓய்வு கிடையாது. ஒரு தப்பு செஞ்சார்னு யாராவது சொல்ல முடியுமா? நல்லா உழைச்சிட்டிருக்கிற ஒருத்தரைப் பாதியில நிறுத்த நமக்கு என்ன உரிமை இருக்கு? நாளைக்கு உங்களையோ என்னையோ அப்படி யாராவது செஞ்சா நாம ஒத்துக்குவோமா?"

சின்ன டாக்டர் ஸ்கேன் படத்தை மேசையில் வைத்தாள். "சார், இவர் உயிரோட இருக்கணும்னுதானே பம்பையே வெச்சோம்?"

விருந்து வீட்டில் குழந்தை கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். இயக்குநர்தான் கனிவாகச் சொன்னார்.

"அது ஆரம்பத்துல, டாக்டர். ஆராய்ச்சி இப்ப ரொம்ப வளர்ந்துடுச்சு."

பிறகு வாத்தியாரிடம் வந்து தோளில் கை வைத்தார். பேட்டரி வாரில் படாமல் பார்த்துத்தான் வைத்தார். "உங்க இதயம் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு. எங்களுக்கு அது மேல கோபம் ஒண்ணும் இல்லை. இன்னும் ஒரு வருஷம் போனா பதினொண்ணு நாலோட சாதனையைத் தாண்டிடுவார். அதுவரைக்கும் இதயம் குறுக்கே வராம பார்த்துக்கலாம். அதுக்கு வழி இருக்கு."

வாத்தியார் இதைக் கேட்டு எழுந்து நின்று சத்தம் போட்டிருக்க வேண்டும். கதையைச் சொல்கிற எனக்கே அந்த இடத்தில் ஆத்திரம் வருகிறது. ஆனால் அவர் போட்டதெல்லாம் கும்பிடுதான்.

வழி சுலபமாகத்தான் இருந்தது. இடுப்புப் பெட்டியை ஒரு கணினியோடு இணைத்து, நர்ஸ் பம்பின் வேகத்தைக் கூட்டினாள். வேகம் கூடினால் இதயத்துக்குள் வரும் ரத்தத்தையெல்லாம் பம்பே உறிஞ்சிக்கொள்ளும். இதயம் வெறும் பையைப் பிசைந்துகொண்டு கிடக்கும். நெஞ்சுக்குள் முனகல் ஒரு படி உயர்ந்தது. வாத்தியாருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விரல் நுனியில் இடித்துக்கொண்டிருந்தது மெலிந்து மெலிந்து காணாமல் போனது.

"நாடி இல்லை," என்றாள் நர்ஸ், நிம்மதியாக.

"நல்லது," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

ஆனால் இதயம் லேசுப்பட்டதாக இல்லை. இரண்டு வாரத்தில் மறுபடி வந்து இடித்தது. மறுபடி வேகத்தைக் கூட்டினார்கள். அது மறுபடி வந்தது. இந்தக் கோளாறுக்கு நிலையம் 'நாடி ஊடுருவல்' என்று பெயர் வைத்தது, அதைப் பற்றி ஒரு மாநாடும் கூட்டியது. அயல்நாட்டு நிபுணர்கள் வாத்தியாரின் மணிக்கட்டை வரிசையாகத் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒரு நிபுணர் இவ்வளவு பிடிவாதமான இதயத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று வருத்தப்பட்டார். வீட்டிலோ வாத்தியாருக்கு நின்ற இடத்திலேயே தலை சுற்றியது. பல் தேய்க்கையில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. குளத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். மனைவி தினமும் காலையில் கடையைத் திறப்பதற்கு முன் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். கேட்டுவிட்டு, இருந்தால் "இருக்கு" என்பாள். இல்லாத நாளில் ஒன்றும் சொல்லாமல் கடையைத் திறக்கப் போவாள்.

சின்ன டாக்டரை ஆட்டுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நிலையத்தின் பின்புறம் செம்மறியாடுகளுக்குப் பம்பு வைத்துப் பார்க்கும் கொட்டகை அது. ஒருநாள் அவள் பஸ் நிறுத்தத்தில் இவர்களுக்காகக் காத்திருந்தாள். உடம்பெல்லாம் ஆட்டு வாடை.

"இங்கே எடுக்கவே மாட்டாங்க. வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்கே போங்க," என்றாள்.

"ஏம்மா, அவ்வளவு அவசரமா?" என்றார் வாத்தியார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இப்படியே வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனா, தேறின இதயம் மறுபடி கெட்டுடும். அது அவங்களுக்கும் தெரியும். நான் சொல்லிப் பார்த்துட்டேன். உங்களுக்கு முன்னாடி நாலோட தாங்கிக்கும் கடைசியில நாடி வந்ததாம். நர்ஸுங்க பேசிக்கிறாங்க."

மறுநாள் காலை இருவரும் ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த மூத்த அறுவை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, எடுத்துவிடலாம், கஷ்டமே இல்லை என்றார். மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மருத்துவர் சட்டையை இன்னும் கொஞ்சம் விலக்கி இடுப்புப் பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் நிலையத்தின் முத்திரை இருந்தது. சூடு பட்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"இது நிலையத்தோட பொருள் ஆச்சே."

"உயிர் இவரோடது ஆச்சே," என்றாள் மனைவி.

"அதுல எனக்குச் சந்தேகமே இல்லைம்மா. ஆனா பேர் போட்டிருக்கிறது பெட்டி மேலதான்."

அவர் பேசி முடிப்பதற்குள் வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. ஒருங்கிணைப்பாளர் மாற்றுப் பேட்டரியோடு இறங்கி வந்தார். வாயெல்லாம் பல்.

"பதினொண்ணு வழக்கமான வழியில இல்லைன்னு பெட்டி சொல்லுச்சு. ஆடிப்போயிட்டோம். இனிமே எங்கே போறதா இருந்தாலும் சொல்லிட்டுப் போங்க. எங்களுக்குத் தெரியாம போகப் போறதில்லை, இருந்தாலும் ஒரு மரியாதைக்கு."

மூத்த மருத்துவர் வேன் கதவை அவரே திறந்துவிட்டார்.

*

சாதனை நாள் வந்தது. பதினொன்று நான்கை முந்திவிட்டது. பெரிய கூடத்தில் மேடை போட்டு, நாற்காலிகள் போட்டு, சாதனையாளரை வாழ்த்தி எழுதிய துணியையும் கட்டியிருந்தார்கள். வாத்தியார் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தார். இளைத்துப்போயிருந்தார். வேனை அனுப்பி அழைத்துவந்திருந்தார்கள். வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்ததற்கு, பதினொன்று இல்லாமல் விழாவை எப்படி நடத்துவது என்று ஒருங்கிணைப்பாளர் நியாயமாகக் கேட்டிருந்தார்.

நான்காம் எண்ணின் தொட்டிக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு தொட்டி இருந்தது. காலியாக. பணியாள் ஒருவர் ரப்பர் குழாயை உள்ளே விட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். பித்தளைத் தகடு ஏற்கெனவே பதித்தாகிவிட்டது. வாத்தியார் குனிந்து அதைப் படித்தார்.

"இது எதுக்கு?" என்று கேட்டார்.

"ஒரு ஏற்பாடுதான்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "அவசரம் ஒண்ணும் இல்லை."

"அவர் இன்னும் எனக்குள்ளதானே இருக்கார்?"

"ஆமா, ஆமா. ஆனா தண்ணி பதத்துக்கு வரக் கொஞ்ச நாள் பிடிக்கும். உப்பு கரையணும், சூடு நிக்கணும். கடைசி நேரத்துல ஓட முடியாது பாருங்க." பிறகு ஞாபகம் வந்தவராகச் சிரித்தார். "உங்களுக்குத் தண்ணின்னா ரொம்பப் பிடிக்குமாமே."

மனைவியின் விரல்கள் வாத்தியாரின் சட்டையை இறுகப் பிடித்தன. அதற்குள் இரண்டு பேர் அவரைப் பக்குவமாக மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். அவளுக்கு மூன்றாவது வரிசையில் இடம்.

இயக்குநர் பேசினார். எவ்வளவோ தடைகளைத் தாண்டி இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்றார். பணமுடை, மின்வெட்டு, விமர்சனம், கடைசியாக ஒரு இதயம் என்று வரிசையாகச் சொன்னார். "எல்லாத்தையும் தாண்டி பதினொண்ணு ஓடிட்டிருக்கார். ஆராய்ச்சிங்கிறது மனுஷனுக்காகத்தான்னு சிலர் சொல்வாங்க. நான் மறுக்கலை. மனுஷங்க வருவாங்க, போவாங்க. ஆராய்ச்சி நிக்கக் கூடாது. இப்ப நாம எல்லாரும் எழுந்து நின்னு அவர் குரலைக் கேட்போம்."

கூடமே எழுந்து நின்றது. ஒருங்கிணைப்பாளர் வாத்தியாரின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி நெஞ்சில் மைக்கை வைத்தார். ஒலிபெருக்கியில் 'ங்ங்ங்' என்று முனகல் எழுந்து கூடத்தை நிறைத்தது. சிலர் கண்களை மூடிக்கொண்டார்கள். நெறிமுறைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முனகலுக்கு நடுவே 'தொம்' என்றது.

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். மறுபடி 'தொம்'. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஒலிபெருக்கியில் அது யாரோ கதவைத் தட்டுவது போலவே கேட்டது. வாத்தியாரின் வலது கை தானாகவே இடது மணிக்கட்டைப் பிடித்தது, ஓய்வுபெற்றவர்களுக்குக் காட்டிக்கொடுப்பாரே, அதே மாதிரி. ஏழு வருஷமாக எதற்கும் தலையாட்டியவர் அப்போதுதான் முதல் தடவையாக அந்த நிலையத்தில் தன் குரலில் பேசினார்.

"எனக்கு நாடி இருக்கு," என்றார். நெஞ்சில் மைக் இருந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது. "இதை எடுத்துடுங்க. நான் வாழணும்."

"ஒரு சின்ன இடையூறு," என்றார் இயக்குநர் கூட்டத்தைப் பார்த்து. "மன்னிக்கணும்."

நர்ஸ் கணினியோடு மேடையேறினாள். "கையைக் கொடுங்க," என்றாள். வாத்தியார் கொடுக்கவில்லை. அவள் வற்புறுத்தவில்லை. குனிந்து இடுப்புப் பெட்டியில் கேபிளைச் செருகினாள். முனகல் ஒரு படி ஏறியது, இன்னொரு படி ஏறியது. தட்டல் தூரத்துக்குப் போனது. வாத்தியாரின் விரல்கள் தளர்ந்தபோது நர்ஸ் அவற்றை விலக்கிவிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாடி இல்லை."

"நல்லது," என்றது கூடம் மொத்தமும், ஒரே குரலில்.

மூன்றாவது வரிசையிலிருந்து மனைவி மேடைக்கு வந்துகொண்டிருந்தாள். யாரோ உட்காரச் சொன்னார்கள், யாரோ கையைப் பிடித்தார்கள். அவள் உதறிவிட்டு ஏறி, மண்டியிட்டு, சட்டை திறந்து கிடந்த நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். மைக் இன்னும் அங்கேயே இருந்தது.

"இருக்கு," என்றாள்.

இயக்குநர் தன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு நர்ஸின் பக்கம் குனிந்தார். "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க," என்றார், குரலை உயர்த்தாமல்.

கூடத்தின் நடுவில் புதுத் தொட்டி விளிம்பு வரை நிறைந்துவிட்டது. பணியாள் குழாயை மூடிவிட்டு, தண்ணீரில் கையை விட்டுச் சூடு பார்த்தார்.